'தண்ணி பாத்தியா?' - ஒரகடம் மாமாவும் குட்டி ரயிலின் புகையும்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் கார் தயாராகிறது. செல்போன், டயர், கண்ணாடி, லாரி, புல்லட் என எல்லாமே தயாராகிறது. ஆனால், ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள் ரயில் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை என்று பல வருடங்களாகப் பேச்சு மட்டும் இருக்கிறது. ரயில் ஏற வேண்டுமென்றால் சிங்கப்பெருமாள்கோவிலுக்கோ, திருவள்ளூருக்கோ, காஞ்சிபுரத்துக்கோதான் போயாக வேண்டும்.

என் பெரிய மாமா வீடு மட்டும் விதிவிலக்கு. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற அந்த வீட்டின் மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. 6 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், தெர்மோகோலில் செய்த ஒரு மலை, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன். இன்ஜின் மட்டும் உசத்தி. உண்மையான இன்ஜினை 87 மடங்கு சுருக்கிய ஜெர்மன் மாடல் அது. புகைபோக்கியிலிருந்து நிஜமாகவே வெள்ளைப் புகை வரும்.

நான் ஒரு டிஜிட்டல் டெஸ்க் நிருபர். 'கோடையில் ஏ.சி-யைப் பாதுகாக்க 7 வழிகள்', 'மழைக்காலத்தில் ஷூ காய வைப்பது எப்படி?' என்று எழுதிக்கொண்டிருக்கிற ஆள். 'பொம்மை ரயிலின் புகை நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?' என்று ஒருநாள் எழுதுவேன் என நினைத்ததே இல்லை. ஆனால், அந்தப் புகைக்குப் பின்னால் என் தாத்தா இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

கரி அள்ளிய கை

தாத்தா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவர். மீட்டர் கேஜ் காலம் அது. 'வை.பி' வகை இன்ஜின்கள்தான் அவருக்கு எல்லாமே. 1949 முதல் 1970 வரை தயாரிக்கப்பட்ட பாசஞ்சர் இன்ஜின்கள் அவை. நீராவி போய் டீசல் வந்தபோது அவரும் டீசலுக்கு மாறினார். ரிட்டயர்டும் ஆனார். ஆனால், கதை சொல்லச் சொன்னால் டீசல் பக்கமே போக மாட்டார். ''டீசல்ல என்னா இருக்கு? உக்காந்துக்கினு போறது'' என்பார்.

இப்போது அவருக்கு 84 வயது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. என்னைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்திருப்பார். பல நாள் முழுக்கவே பேச மாட்டார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கம்பெனி பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்த ஜெர்மன் பொறியாளர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் பொழுதுபோக்கு ரயில் செட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு இன்வெர்ட்டரையும் போர் மோட்டாரையும் மாமாதான் அவ்வப்போது சரி செய்து கொடுத்தாராம். அந்த நன்றிக்கு இந்தப் பெட்டி.

முதல் முறை அந்த இன்ஜின் புகைவிட்டு ஓடியபோது, தாத்தா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார். அரை நிமிடம் பார்த்தார். பிறகு தெளிவான குரலில் கேட்டார். ''தண்ணி பாத்தியா?''

அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். தாத்தா வாங்கவில்லை. மாமாவைப் பார்த்து மறுபடியும், ''தண்ணி பாத்தியாடா?'' என்றார். யாருக்கும் புரியவில்லை. ஆனால், அன்று மாலை முழுக்க அவர் பேசினார். விழுப்புரம் ஷெட், இரவு டூட்டி, திண்டிவனத்தில் குடித்த டீ என்று வரிசையாக வந்தது. என் அம்மாவுக்கே தெரியாத கதைகள் அவை. அடுத்த ஞாயிறும் இதேதான். அதற்கடுத்த ஞாயிறும் இதேதான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தப் புகை விளையாட்டுப் பொருள் இல்லை. மருந்து மாதிரி ஆகிவிட்டது.

புகை நின்ற நாள்

போன வருடம் காணும் பொங்கல் அன்று தெருப்பிள்ளைகள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். மதியம் முழுக்க ரயில் ஓடியது. சாப்பாடு தயார் என்று அத்தை கூப்பிட்டதும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ரயில் ஸ்டேஷனில் நின்றது. கரன்ட் அணைக்கப்படவில்லை. புகை பட்டனும் ஆனில் இருந்தது. மறுநாள் இன்ஜின் ஓடியது, விளக்கு எரிந்தது. புகை மட்டும் வரவில்லை.

''யாரு பட்டனை அப்படியே வுட்டது?'' என்று அத்தை விசாரணையை ஆரம்பித்தார். மாமா தடுத்தார். ''யாருன்னு கேக்காத. ஏன்னு கேளு. எங்க லைன்ல அப்படித்தான்'' என்றார்.

இந்த காரிடாரில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 'ஒய் ஒய் அனாலிசிஸ்' என்பார்கள். ஒரு மெஷின் நின்றால், 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்த பழக்கம் இது. இப்போது உலகம் முழுக்க, ஒரகடத்தின் சின்ன உதிரிபாகக் கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது. மாமா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்.

புகை ஏன் வரவில்லை? உள்ளே ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது.
கம்பி ஏன் அறுந்தது? அளவுக்கு மேல் சூடானது.
ஏன் சூடானது? எண்ணெய் தீர்ந்தபிறகும் கரன்ட் போனது.
எண்ணெய் தீர்ந்தது ஏன் தெரியவில்லை? புகைபோக்கிக்குள் பார்க்க முடியாது. அளவு காட்டவும் வழி இல்லை.
தெரியாவிட்டாலும் ஏன் அணையவில்லை? தானாக அணைய எந்த ஏற்பாடும் இல்லை.

கடைசி இரண்டு பதில்களைச் சுற்றி வட்டம் போட்டார். ''புள்ளைங்க மேல தப்பு இல்ல. சிஸ்டத்துல ஓட்டை. அடைக்கணும்'' என்றார்.

அந்தப் புகை உண்மையில் என்ன?

மாடல் இன்ஜினில் எதுவும் எரிவதில்லை. புகைபோக்கிக்குள் விரல்நுனி அளவில் ஓர் உலோகக் குப்பி இருக்கும். அதுதான் ஸ்மோக் யூனிட். ஜெர்மனியின் சாய்ட்டே போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே பெயர் பெற்றவை. குப்பியின் நடுவே தலைமுடி போன்ற துளையுள்ள ஒரு மெல்லிய குழாய். அதை ஒட்டி ஒரு ஹீட்டர் கம்பி. இதற்கென்று விற்கிற சுத்திகரித்த மினரல் ஆயிலைச் சில சொட்டு விட்டால், சூட்டில் அது கொதித்துக் குழாய் வழியாக ஆவியாக மேலே ஏறும். வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து நுண்ணிய துளிகளாக மாறும். நம் கண்ணுக்கு அது வெள்ளைப் புகை. இட்லிப் பானையைத் திறந்ததும் எழும்புகிற வெள்ளை மேகம் எப்படியோ, அப்படித்தான்.

பெரிய அளவு இன்ஜின்களில் வேறு வகை உண்டு. சின்ன அறைக்குள் கண்ணாடி இழைத் திரி எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். ஹீட்டர் அதைச் சூடாக்கும். குட்டி ஃபேன் ஒன்று ஆவியை வெளியே தள்ளும். வீட்டில் செருகி வைக்கிறோமே கொசுவிரட்டி மெஷின், அதிலும் திரி, திரவம், ஹீட்டர் என்று இதே குடும்பம்தான்.

இந்தப் புகைக்கு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946-ல் தன் பொம்மை இன்ஜின்களில் புகையைக் கொண்டு வந்தது. முதல் முயற்சியில் விளக்கு பல்பின் தலையில் ஒரு குழி வைத்து, அதில் சின்ன வில்லையைப் போட்டு, பல்பின் சூட்டிலேயே புகைய வைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. அடுத்த வருடமே, 1947-ல், நிக்ரோம் கம்பி ஹீட்டருக்கு மாறினார்கள். நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகக் கலவைக்கு 1906-ல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் நம் வீட்டு ஹேர் டிரையர், டோஸ்டர், பழைய காயில் அடுப்பு எல்லாவற்றிலும் சிவந்து ஒளிர்வது பெரும்பாலும் இந்தக் கம்பிதான்.

அவ்வளவு சூடு தாங்குகிற கம்பி இங்கே ஏன் அறுகிறது? மாமா பூஜை அறை விளக்கைக் காட்டினார். எண்ணெய் இருக்கிற வரை திரி நிதானமாக எரியும். எண்ணெய் தீர்ந்ததும் திரியே கருகும். இங்கேயும் அதே கணக்கு. எண்ணெய் கொதிக்கும்போது கம்பியின் சூட்டை அது எடுத்துக்கொண்டு போகிறது. எண்ணெய் இருக்கும்வரை சூடு அதன் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். தீர்ந்ததும் சூடு போக இடமில்லை. கரன்ட் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பி அது. ஓர் இடத்தில் ஆக்ஸிஜன் தின்று மெலிந்தால், அந்த இடத்திலேயே சூடு இன்னும் அதிகமாகும். கடைசியில் அங்கேயே அறுந்துவிடும். திரி வகையாக இருந்தால் முதலில் திரி கருகும். கருகிய திரி எண்ணெயை உறிஞ்சாது. அதனால் மறுபடி எண்ணெய் விட்டாலும் கம்பியைச் சுற்றிக் காய்ந்தே இருக்கும்.

''போர் மோட்டார்ல டிரை ரன்னு சொல்றோமில்ல? தண்ணி இல்லாம ஓடுனா மோட்டார் காலி. அதேதான் இது'' என்றார் மாமா. தமிழ்நாட்டில் ஒரு வெயில் காலத்தைத் தாண்டிய எந்தக் குடும்பத்துக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

புகை இல்லாத ஞாயிறுகள்

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார் மாமா. நல்ல யூனிட் என்றால் ஓம் கணக்கில் ஏதோ ஓர் எண் காட்ட வேண்டும். எங்களுடையது எதுவுமே காட்டவில்லை. கம்பி முழுசாக அறுந்துவிட்டது. எங்கள் இன்ஜினில் இருப்பது மூடிய குப்பி. பிரித்துச் சரி செய்ய முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்தும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் குப்பியின் விலையைவிடத் தபால் செலவு பெரிதாக இருந்தது.

தாத்தா அந்த ஞாயிறும் மாடி ஏறினார். ரயில் ஓடியது. பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் எழுந்து, ''கீழ போலாம்'' என்றார். அடுத்த வாரம் மாடி ஏறவே இல்லை. செல்போனில் பழைய நீராவி ரயில் வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம் வந்தது. அத்தைதான் வாய்விட்டுச் சொன்னார். ''அந்தப் புகை வரலன்னா, மாமா மறுபடி பேசவே மாட்டாரோ?''

ஜெர்மனியில் எம்.எஸ் படிக்கிற என் தோழி, விடுமுறைக்கு வரும்போது யூனிட்டை வாங்கி வந்தாள். வாங்குவதற்கு முன் மாமா அவளுக்கு இன்ஜினின் மாடல் எண், பழைய குப்பியின் விட்டம், உயரம், அதன்மேல் அச்சிட்டிருந்த வோல்ட் அளவு எல்லாவற்றையும் போட்டோவோடு அனுப்பினார். ஒரே மாதிரி தோன்றும் குப்பிகள் வெவ்வேறு வோல்ட்டுக்கு வருகின்றன. 10 வோல்ட்டுக்கானதை 14 வோல்ட்டில் போட்டால் சூடு 4 வோல்ட் அளவுக்கு மட்டும் கூடாது. கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கித்தான் சூட்டின் கணக்கு வரும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம்.

புதுக் குப்பி பொருத்தப்பட்ட ஞாயிறு, தாத்தாவைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனோம். புகை எழும்பியது. அவர் குனிந்தார். ''தண்ணி பாத்தியா?''

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா மட்டும் இந்த முறை திருப்பிக் கேட்டார். ''எதுக்குப்பா தண்ணி? பாக்கலன்னா என்ன ஆவும்?''

லெட் பிளக்

தாத்தா சொன்னதை அப்படியே போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். விட்டுவிட்டுச் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன்.

நீராவி இன்ஜினில் நெருப்புப் பெட்டியின் மேல்கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே கொழுந்துவிட்டு எரியும் கரி. மேலே தண்ணீர். நடுவில் ஓர் உலோகத் தகடு. தண்ணீர் இருக்கும்வரை அந்தத் தகட்டின் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நீராவியாகும். தண்ணீர் மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் தகடு பழுக்கும், வளையும். கடைசியில் பாய்லரே வெடிக்கலாம். அப்படி ஆகக் கூடாது என்பதற்காக அந்தக் கூரையில் ஈயம் வைத்த ஓர் அடைப்பைப் பொருத்தியிருப்பார்கள். அதைத்தான் 'லெட் பிளக்' என்பார்கள். தண்ணீர் இறங்கினால் முதலில் உருகுவது இந்த ஈயம்தான். உருகிய துளை வழியாக நீராவி பீறிட்டு நெருப்புப் பெட்டிக்குள் பாயும். கேபினில் இருப்பவர்களுக்கு அதுவே எச்சரிக்கை.

''பிளக் வுட்டுச்சுன்னா உசுரு தப்பும். ஆனா சார்ஜ் ஷீட்டு கன்ஃபார்ம்'' என்று சிரித்தார் தாத்தா. ''அதான் கேஜ் கிளாஸ். கண்ணு கரி மேல இருக்கலாம், சிக்னல் மேல இருக்கலாம். ஆனா நிமிசத்துக்கு ஒருவாட்டி கிளாஸ்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்கணும். டிரைவர் வண்டிய எடுக்க சொல்ல கேப்பாரு, 'தண்ணி பாத்தியா?'ன்னு. பாத்தேன் சார்னு சொன்னாதான் ரெகுலேட்டர்ல கை வெப்பாரு.''

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். காலண்டர் தாளில் அவர் வட்டம் போட்ட இரண்டு ஓட்டைகளுக்கும் நீராவி இன்ஜினில் பதில் இருந்தது. அளவு தெரிய கேஜ் கிளாஸ். தெரியாமல் போனால் காப்பாற்ற லெட் பிளக். 87 மடங்கு சின்ன இன்ஜினில் இரண்டுமே இல்லை. பெரிய இன்ஜினில் தண்ணீர் செய்த வேலையைச் சின்ன இன்ஜினில் எண்ணெய் செய்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் தாத்தா உளறவில்லை. புகையைப் பார்த்ததும், டூட்டியில் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

இன்றைக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் நீலகிரி ரயிலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வழியில் ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது நாம் டீ குடிக்க மட்டும் அல்ல. இன்ஜின் தண்ணீர் குடிக்கவும்தான். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையில், நீராவி இன்ஜினைத் தண்ணீர் காட்டாமல் யாரும் மேலே ஓட்டுவதில்லை.

மாமாவின் எட்டுக் கட்டளைகள்

அன்று இரவே மாமா ஒரு எஸ்.ஓ.பி எழுதி லேமினேட் செய்து மாடியில் ஒட்டிவிட்டார். உங்கள் வீட்டிலும் புகைவிடும் மாடல் ரயில் இருந்தால், இல்லை, யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால், இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினோடு வரும் கையேடு சொல்வதே முதல் விதி. அதோடு இவற்றையும் பின்பற்றலாம்.

1. எண்ணெய் விட்டபிறகுதான் புகை பட்டன். காய்ந்த யூனிட்டை, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்றுகூட ஆன் செய்யக் கூடாது. சோதிக்க வேண்டுமென்றால் மல்டிமீட்டர் இருக்கிறது.

2. அளந்து விடுங்கள். ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சோ, சொட்டு சொட்டாக விழும் பாட்டிலோ போதும். குப்பி வகையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அதிகமானால் நடுக்குழாய் அடைபட்டுப் புகையே வராது. 'புகை வரவில்லையே' என்று வோல்ட்டைக் கூட்டாதீர்கள். கரன்ட்டை நிறுத்தி, சிரிஞ்சாலோ, முறுக்கிய டிஷ்யூ பேப்பராலோ கொஞ்சம் எண்ணெயை வெளியே எடுங்கள்.

3. நேரம் வையுங்கள். எங்கள் இன்ஜினில் 10 சொட்டு சுமார் 7 நிமிடம் வருகிறது. மாமா போனில் 5 நிமிடத்துக்கு அலாரம் வைக்கிறார். உள்ளே கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுவார். உங்கள் இன்ஜினின் கணக்கு வேறாக இருக்கும். ஒருமுறை பக்கத்திலேயே உட்கார்ந்து, புகை மெலியத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

4. வண்டி நின்றால் புகையும் நிற்க வேண்டும். பழைய முறை செட்டுகளில் வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும். நிறுத்தினால் ஹீட்டரும் ஆறும். டிஜிட்டல் செட்டுகள் அப்படி இல்லை. இன்ஜின் நின்றாலும் தண்டவாளத்தில் முழு வோல்ட் இருக்கும். புகைக்கென்று தனி பட்டன் இருந்தால், சாதாரணமாக அது ஆஃபிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் காணும் பொங்கல் அன்று நடந்தது இதுதான்.

5. வோல்ட் பொருத்தம் பாருங்கள். குப்பியில் எழுதியிருப்பதும் உங்கள் கன்ட்ரோலர் கொடுப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

6. அதற்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் விடுங்கள். அத்தை முதலில் நீட்டியது தேங்காய் எண்ணெய். சமையல் எண்ணெய்கள் சூட்டில் பிசினாக இறுகிக் குழாயை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும். கல்யாண மேடைப் புகை மெஷினில் ஊற்றுகிற திரவம் தண்ணீர் கலந்தது. அதுவும் இதற்கு ஆகாது.

7. திரி வகை என்றால், பல நாள் சும்மா கிடந்த இன்ஜினில் சில சொட்டு விட்டு, திரி ஊறும்வரை சில நிமிடம் காத்திருந்துதான் சூடேற்ற வேண்டும். திரி கறுத்து மொறுமொறுப்பாக இருந்தால், புதுத் திரி மாற்றினாலே பல யூனிட்கள் பிழைத்துக்கொள்ளும். மாற்றும்போது கம்பியை இறுக்கி நெருக்கக் கூடாது. குப்பி வகையில் நடுக்குழாய் அடைத்தால், கரன்ட்டை எடுத்து, நன்றாக ஆறியபிறகு, மெல்லிய கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்யலாம்.

8. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அது எண்ணெய் ஆவி. மூடிய அறையில் மணிக்கணக்கில் சுவாசிக்க நல்லதல்ல. எண்ணெய் பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இந்த வகை எண்ணெயைக் குழந்தை குடித்து, அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தண்டவாளத்தில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும்.

எட்டாவது கட்டளை தாத்தாவுக்காகவே எழுதப்பட்டது. கரிப்புகையில் வேலை பார்த்த நெஞ்சு. இருமல் அடிக்கடி வரும். அதனால், ஒரு ஞாயிறுக்கு இரண்டே முறைதான் புகை. தாத்தாவின் நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். மிச்ச நேரம் ரயில் புகையில்லாமல் ஓடும். அதனால் யூனிட்டுக்கும் ஆயுள் கூடுகிறது. அவருக்கும் தொந்தரவு இல்லை. தொடங்கும்போது ஒருமுறை புகையைப் பார்த்துவிட்டால் போதும், பேச்சு அதுபாட்டுக்கு ஓடுகிறது.

இன்னொரு டிரை ரன்

லேமினேட் தாளின் பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் தொங்குகிறது. தேதி, எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என மாமா எழுதி வைக்கிறார். கம்பெனியில் மெஷின்களுக்கு அவர் வைத்திருக்கும் பி.எம் செக் லிஸ்ட் மாதிரியே இருக்கிறது. 'பிரேக்டவுன் ஆனப்புறம் ஓடறவன் மெக்கானிக். ஆவாம பாத்துக்கறவன்தான் மெயின்டனன்ஸ்' என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம்.

போன மாதம் அந்த நோட்டில் ஒரு இடைவெளி. தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் எதுவும் எழுதப்படவில்லை. கம்பெனியில் ஆர்டர் அதிகம். மாமா ஞாயிறும் ஓவர்டைம் போனார். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை பஸ்ஸில் வந்து, சாப்பிடாமல் படுத்து, மதியம் எழுந்து மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தார். இந்தச் சாலையில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். வீட்டுக் கடன் இருக்கிறது. பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ஓவர்டைம் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

நான் போன ஞாயிற்றுக்கிழமை, அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அத்தை டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். ''இன்ஜினுக்கு மட்டும் சொட்டு எண்ணி ஊத்தறீங்க. அலாரம் வெக்கறீங்க. உங்களுக்கு யாருங்க அலாரம் வெக்கறது?''

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

அவர் போன பிறகு தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ''இன்னைக்கு வண்டி இல்லியா?'' என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ''ரன்னிங் ஸ்டாஃப்புக்கு ரெஸ்ட் குடுக்கணும். ரெஸ்ட் இல்லாதவன்தான் கிளாஸ் பாக்க மறப்பான்'' என்றார். யாரைச் சொன்னார், எந்த வருடத்தைச் சொன்னார் என்று தெரியாது. நான் அதை மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

இந்த மாத ஓவர்டைம் பட்டியலில் மாமா சனிக்கிழமைகளுக்கு மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறார். அத்தைதான் போன் செய்து சொன்னார். குரலில் அத்தனை சந்தோஷம். பணம் கொஞ்சம் குறையும், சமாளித்துக்கொள்ளலாம் என்றார். ''புது குப்பி வந்து ஒரு வருசம் தாண்டப் போவுது, இன்னும் நல்லா புகையுதுமா'' என்றும் சேர்த்துக்கொண்டார்.

நோட்டில் இப்போது நான்கு பத்திகள். தேதி, சொட்டு, நிமிடம். நான்காவதை அத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார். 'மாமா தூங்கிய நேரம்' என்று தலைப்பு. போன வாரக் கட்டத்தில் '8 மணி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டிருக்கிறார்.